கணக்கில் இல்லாத அக்கா

2010 ஆவணி, செவ்வாய்

இல்லை, அக்கா அழவில்லை. நான்தான் கத்தினேன்.

அரசாங்க ரோட்டு வேலை எடுத்த கொந்தராத்துக்காரர், கை கால் இழந்தவர்களையும் வேலைக்குச் சேர்க்க வேண்டும். எந்த ஊரில் அப்படி எத்தனை பேரை எடுப்பது என்பதை வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பை வைத்து முடிவு செய்கிறார்கள். இன்று வேலை கேட்டு அக்காவை வேலைத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“உங்கட ஊரில அப்படி ஒருத்தரும் இல்லையே தம்பி,” என்றார் மேற்பார்வையாளர்.

“அப்ப இவ ஆரு? பேயா?”

கணக்கெடுக்க வந்த அன்று, ஷெல் குண்டில் கால் போன அக்காவை, இயக்கத்தில் சேர்ந்து சண்டை பிடித்த பிள்ளை என்று ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, அம்மா நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தா. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

“அடுத்த முறை எழுத வந்தா உள்ளதைச் சொல்றன் மனே,” என்றா அம்மா இன்று.

வாசலில் ஏதோ வாகனம் வந்து நிற்கிறது. அம்மா அக்காவை உள்ளே இழுக்கிறா. நான் போகவேண்டும்.