சொட்டு மருந்து வரிசை

கடித எண்: 2
நாள்: 12 ஏப்ரல் 2019, வெள்ளிக்கிழமை
நேரம்: காலை 10.20
பொருள்: உன் கண்ணை மருத்துவரிடம் காட்டுவது குறித்து

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கு என் கண்ணும், மகன், மருமகள் இருவரின் கண்களும் சிவப்பு நீங்கித் தெளிந்துவிட்டன. உன் கண் இன்னும் தெளியவில்லை என்று அறிந்தே இதை எழுதுகிறேன். கடித எண் 1, மார்ச் 29 அன்று அனுப்பியது, உன்னிடம் இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடு. கண்நோய் வராமல் தடுப்பது எப்படி என்று அதில் ஒன்பது குறிப்புகள் எழுதியிருந்தேன். ஒன்பதும் சரியானவைதாம். ஆனால் அவற்றை உனக்கு எழுதும் தகுதி எனக்கு இல்லை.

மீதியைப் படிக்க மனம் வராவிட்டாலும் இந்தப் பத்தியை மட்டும் படித்துவிடு. நீ உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெரு டாக்டர் போதாது. கண்ணுக்கென்றே படித்தவராக இருக்க வேண்டும். உன் மகன் சொன்னவற்றை நேற்று இங்குள்ள கண் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன்; உன் கருவிழியில் புள்ளிகள் விழுந்திருக்கலாம் என்று அவர் சந்தேகப்படுகிறார். இப்போது பார்த்துச் சரியான மருந்து போட்டால் அவை மெல்ல மறையக்கூடும். விட்டுவிட்டால் தழும்பாகி நின்றுவிடலாமாம்.

நீ இங்கிருந்து உன் மகன் வீட்டுக்குப் போன பிறகு, நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அவன்தான் எடுக்கிறான். அம்மா தூங்குகிறார்கள், குளிக்கிறார்கள், கடைக்குப் போயிருக்கிறார்கள் என்கிறான். நல்ல பிள்ளை, பொய் சொல்லும்போது குரல் கம்முகிறது. சென்ற சனிக்கிழமை மட்டும் அவன் உண்மையைச் சொன்னான். ஊசியில் நூல் கோக்க நீ அவனைக் கூப்பிடுகிறாயாம். துணியை ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு தைக்கிறாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவன் கெஞ்சியதற்கு நீ சொன்னதையும் அவனே சொன்னான். "சுத்தமா இல்லாததால வந்தது. சுத்தமா இருந்தா போயிடும். உங்க மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாயாம். ஒரு நாளைக்குப் பல முறை குளிர்ந்த நீரில் கண்ணைக் கழுவிக்கொள்கிறாயாம்.

அவனுடைய மாமாவாகிய நான் சொன்னது சரியில்லை. இனி நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சங்கிலியில் கட்டியிருந்த பேனாவால் அவர் எழுதிவிட்டுப் போனதும், அதே பேனாவால் நானும் எழுதினேன். வீடு வந்து கை கழுவினேன். ஆனால் வழியிலேயே கண்ணைக் கசக்கிவிட்டேன். இரண்டு நாளில் கண் சிவந்தது. நீ பார்த்துக் கேட்டாய், தூசி என்றேன். எனக்கு நோய் தொற்றும் என்பதை நானே நம்பவில்லை. பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் முப்பத்தொரு வருடம் நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்த்தவனுக்குக் கண்நோயாவது, வருவதாவது என்ற எண்ணம். அவர்கள் எனக்கு வைத்த பெயர் உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசைக்கு நான் வரும்போது "நகக்கண் வந்தாச்சு, கையை நீட்டுங்க எல்லாரும்" என்று நீதானே பிள்ளைகளைச் சிரிக்கவைப்பாய்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கண்மருந்துச் சீசா இருந்தது. சென்ற நவம்பரில் கண்புரை எடுத்தபோது எனக்குக் கொடுத்தது, பாதிக்குமேல் மீந்திருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். 9ஆம் தேதி மகனுக்குக் கண் சிவந்ததும், நோயை முளையிலேயே கிள்ளிவிடலாம் என்று அந்த வரிசையைத் தொடங்கினேன். காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளிலும் எல்லோரும் தலையை அண்ணாந்து உட்கார வேண்டும். எரிச்சல் இல்லை என்று காட்டுவதற்காக முதலில் எனக்கு. பிறகு மகன், மருமகள், கடைசியாக நீ. சீசாவின் மூக்கு இமையில் பட்டால்தான் சொட்டு வீணாகாது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். வழிந்ததை என் தோள்துண்டால் துடைத்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே துண்டு. அன்று உன் கண்ணில் நோயே இல்லை. "நல்ல கண்ணுக்கு எதுக்கு அண்ணா மருந்து?" என்று கேட்டாய். வருமுன் காக்கத்தான் என்றேன்.

மருமகள் இரண்டாம் நாளே, தனக்கு வேறு சீசா வாங்கிக்கொள்வதாகச் சொல்லி எழுந்துவிட்டாள். பிடிவாதக்காரி என்று அவளைத் திட்டினேன். நீ மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து உட்கார்ந்தாய். உனக்குத்தான் அதிகமாக வந்தது.

12ஆம் தேதி உன் கண் வீங்கியதும், நோய் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க உட்கார்ந்தேன். ஊரார் உடுத்திய துணியெல்லாம் உன் மடியில் கிடக்கிறது, ஆகவே நீதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னேன். யார் கண் முதலில் சிவந்தது என்று நானே நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 14ஆம் தேதி உன் தையல் இயந்திரத்தை மாடிப்படித் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தேன். உன் தட்டையும் தம்ளரையும் பிரித்தேன். அதோடு நின்றேனா? கீழ்வீட்டு அம்மாளிடம் போய், தன் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்வது நல்லது என்றும் சொன்னேன். பொத்தான் துளைகளை வெட்டியிருந்தாய், இன்னும் சுற்றித் தைத்திருக்கவில்லை. பிரிந்துவிடும், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று நீ கேட்டதையும், அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆறு சட்டைகளையும் அள்ளிக்கொண்டு போனதையும் நான் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு நீ கிளம்பியபோது சொன்னது ஒன்றுதான். "நீங்க சொன்ன மாதிரியேதான் ஒவ்வொரு தடவையும் கை கழுவினேன் அண்ணா." அதற்கு நான், பேருந்தில் கைப்பிடியைத் தொடாதே என்றேன்.

சென்ற வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 5, என் கண்ணில் மறுபடியும் வலி எடுத்ததால் கண் மருத்துவரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். நோய் கண்ட தேதிகளை வரிசையாகச் சொல்லிச் சீசாவையும் மேசைமேல் வைத்தேன். கெட்டிக்காரர் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சீசாவை விளக்குக்கு நேரே பிடித்து, அதன் மூக்கைப் பார்த்தார். எத்தனை பேருக்குப் போட்டீர்கள், முதலில் யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். எப்போது திறந்தது என்று கேட்டார். சொல்ல எனக்குத் தேதி தெரியவில்லை. கடையில் பிஸ்கட் பொட்டலத்தைக்கூடத் தேதி பார்க்காமல் வாங்காதவன் நான். திறந்த ஒரு மாதத்தில் எறிய வேண்டிய மருந்தாம் அது. அதுமட்டுமன்று, அறுவைக்குப் பின் வீக்கம் வடியக் கொடுப்பது, இந்த மாதிரிக் கண்நோயில் கேட்காமல் போட்டால் நோயை இழுத்துவிடக்கூடியதாம்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "ஐயா, நீங்க வியாதியை வரிசையா உட்காரவச்சு ஊட்டி விட்டிருக்கீங்க."

வெளியே காத்திருந்தவர்கள் சிலர் சிரித்தார்கள். கதவு திறந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து மருமகள் கேட்டபோது, டாக்டர் தூசி என்றார் என்று சொல்லிவிட்டேன். மறுநாள்தான் உன் மகன் உன் கண்ணைப் பற்றிச் சொன்னான். அதன் பிறகும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திச் சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் என்னைப் பார்த்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. நீங்க யாரைச் சொல்ல விட்டீங்க?" என்றாள். பிறகு, "அத்தைகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். கடிதம் எழுதுகிறேன் என்றேன். இந்தத் தடவை அறிவுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

புதன்கிழமை கீழ்வீட்டுக்குப் போனேன். நோய் என்னிடமிருந்து வந்தது, உன்னிடமிருந்து வரவில்லை, நான் சொன்னது பொய் என்று அந்த அம்மாளிடமும் அவர் கணவரிடமும் நின்றுகொண்டே சொன்னேன். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். உட்காருங்கள் சார் என்று நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் ஈரத்துணியால் நாற்காலியின் கைகளைத் துடைப்பது கதவிடுக்கில் தெரிந்தது. நான் கற்றுக்கொடுத்ததுதான். சட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றனவாம். துளைகள் நூல் பிரிந்து தொங்குகின்றன, வேறு தையற்காரர் தொட மறுத்துவிட்டார், உன் கண் நன்றானதும் உன்னிடமே கொடுப்பதாக அந்த அம்மாள் சொன்னார். இதை உனக்கு வேலை வந்திருக்கிறது என்று சொல்வதற்காக எழுதவில்லை. கண் தெளியும்வரை ஊசியைத் தொடாதே.

உன் இயந்திரத்தை மகன் பழைய இடத்திலேயே, ஜன்னலருகே வைத்துவிட்டான். உன் தட்டும் தம்ளரும் மற்றவற்றோடு இருக்கின்றன. வீட்டில் இப்போது ஆளுக்கொரு துண்டு. கண்மருந்தின் பக்கத்தில் போவதற்கு எனக்கு அனுமதி இல்லை. எனக்கே மருமகள்தான் போடுகிறாள், ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிக்கொண்டு, சீசா எதன்மேலும் படாமல். எனக்கு அது சரியான தண்டனையாகப் படுகிறது. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

மருத்துவர் உனக்குச் சொல்லச் சொன்னவை இரண்டு; என் வார்த்தை எதையும் சேர்க்கவில்லை. கண்ணைக் குளிர்ந்த நீரில் ஓயாமல் கழுவுவதையும் கசக்குவதையும் நிறுத்த வேண்டும். உன்னைப் பார்த்தவர் எழுதிக்கொடுக்காத எந்தச் சொட்டும் உன் கண்ணில் விழக் கூடாது, யார் கொடுத்தாலும்.

நீ சுத்தமாகத்தான் இருந்தாய். இந்த வாக்கியத்தை இரண்டு நாளாக எப்படி அமைப்பது என்று யோசித்தேன். இதைவிட நன்றாக அமையவில்லை. உன் மகனிடம் இதைச் சத்தமாகப் படிக்கச் சொல். உன்னால் இந்த எழுத்தைப் படிக்க முடியாமலும் இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இங்கே திரும்பி வருவதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் உனக்கு ஆசி எழுதுவேன். இன்று என்னால் முடியவில்லை. உன் கண் தெளிய வேண்டும் என்பதே என் வேண்டுதல். டாக்டரிடம் போ அம்மா.

இப்படிக்கு,
அண்ணன்

இணைப்புகள்:

1. கண் மருத்துவர் உன்னைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு எழுதிய குறிப்பு (மூலம்). உறை ஒட்டியிருக்கிறது, நான் படிக்கவில்லை.

2. உன் மகன் வீட்டுக்கு அருகிலுள்ள கண் மருத்துவமனையின் முகவரியும் பார்வை நேரமும். மருமகள் விசாரித்துத் தன் கையால் எழுதியது.

3. என் முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டிய அஞ்சலட்டை, ஒன்று. பின்பக்கம் வெற்று. எதுவும் எழுத வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் பெட்டியில் போட்டுவிடு.