கடற்பஞ்சுக்கு நான் போட்ட பட்டினி

அன்புப் பேத்திக்கு,

நீ என் பொறுப்பில் விட்டுப்போன ஆராய்ச்சிக் கடற்பஞ்சு உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டித் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் வடிகட்டியை ஓயாமல் ஓடவிட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. பஞ்சுதான் நாளுக்கு நாள் சுருங்கியது. உன் ஆய்வகத் தோழியைக் கூப்பிட்டேன்.

"பாட்டி, அது தண்ணியை உறிஞ்சி, அதுல மிதக்கிற பொடி உசுருங்களைத்தான் சாப்பிடும். நீங்க சோத்தையே வடிகட்டிட்டீங்களே!" என்று சிரித்தாள்.

வடிகட்டியை நிறுத்தி, அவள் தந்த பாசித் தண்ணீரை ஊற்றினேன். இன்று பழையபடி உப்பிவிட்டது.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, பாலாடையை அழுக்கென்று நான் வழித்துக் கொட்டியபோது, "உங்க சுத்தத்துல ஒருநாள் யாராவது பட்டினி கிடக்கப்போறாங்க, அத்தை" என்றவள் அவள். பஞ்சு ஒரு ஆளா என்ன? அவள் வாக்கு பலிக்கவேயில்லை.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் பாட்டி