ஹிட் விழாத ஆட்டம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. வீடு முழுக்க ஈரச் சேலை நாற்றம். இவர் நாக்பூர் டூர், வர பத்து நாளாகும்.

பாட்டீல் சார் போன் (இனி பா. சார்). கிளப் தலைவர். தாபோடி மைதானத்தில் கட்டிய புது பெவிலியனில் ஒரு கௌரவச் சுவர் வரப்போகிறதாம். கிளப்புக்காக பேஸ்பால் ஆடியவர்களில் ஐந்து பேருக்கு இடம். நாலு பேர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது ஒரு பிட்சர், பந்து எறிகிறவர். விலாஸா, ஜோசப்பா என்று இழுபறி. ஞாயிறு கமிட்டி.

"பழைய ஸ்கோர் புக் எல்லாம் உங்ககிட்டதானே மேடம்?"

என்னிடம்தான். பேஸ்பாலா, நம்ம ஊரிலா என்று ஸ்டாஃப் ரூமில் இன்னும் சிரிக்கிறார்கள். தாபோடியில் ஆடினோம், அவ்வளவுதான். அண்ணன் ஆடினார். நான் மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன், பி.எட். சேரும்வரை.

பரணில் ஏறினேன். முட்டி வலி. புத்தகங்கள் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருக்கின்றன. கரையான் அரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 9, புதன்

எட்டாம் வகுப்பு பி-க்குப் பின்னம் திரும்ப நடத்த வேண்டும். ஒருவனுக்கும் ஏறவில்லை. வரும் வழியில்: கொத்தமல்லி, கேஸ் லைட்டர், அயோடெக்ஸ்.

ரவி அண்ணன் போன், வாகடிலிருந்து. கமிட்டியில் ஐந்து பேர், அதில் அவரும் ஒருவர். இரண்டு பேர் விலாஸுக்கு, இரண்டு பேர் ஜோசப்புக்கு. அண்ணன் ஓட்டுதான் பாக்கி. எனக்கு இது தெரியாது.

"ஜோசப் நல்லவன் மாலு, இல்லேங்கல. பதினஞ்சு சீசன் போட்டான். ஆனா அவன் பந்தைப் பாத்து எவனும் பயந்ததில்ல. விலாஸ் நாலே சீசன்தான். ஆனா அந்த ஃபைனல் இருக்கே. ஏழு இன்னிங்ஸ், ஒரு ஹிட் விழல. நம்ம கிளப்புல வேற எவன் பண்ணான், சொல்லு?"

அப்புறம் எப்போதும் சொல்வதைச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான். "ஒரே ஒருத்தன் பேஸுக்குப் போனான். அதுவும் நான் பந்தைக் கோட்டை விட்டதால. என் தப்புக்கு அவன் என்ன பண்ணுவான்?"

சட்னி தீயுது அண்ணா என்று வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

விலாஸ் வந்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல், மழைக்கோட்டோடு. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பின் என் வீட்டு வாசலில். தலை முழுக்க நரை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. டீ கொடுத்தபோது இடது கையால் வாங்கினார்.

அவர் பேசியது ஹிந்தி. ஓட்டுக் கேட்க வரவில்லை என்றார். அந்த ஆட்டத்தின் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

"பொண்ணு நம்பமாட்டேங்கறா. அப்பா சும்மா அளக்கறார்னு சிரிக்கறா."

பக்கத்தைத் திறந்து வைத்தேன். எழுத்தைத் தொட்டுப் பார்த்தார், என் கையெழுத்தை. "எவ்வளவு அழகா எழுதியிருக்கே மாலதி." என் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

போனபின் தம்ளரைக் கழுவவே இல்லை. ஏனென்று தெரியவில்லை. இந்த வயதில் அசிங்கம்.

ஜூலை 11, வெள்ளி

லீவு போட்டேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை.

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

பேஸ்பாலில் அடித்த பந்தை எந்த ஃபீல்டரும் சாதாரணமாகப் பிடித்திருக்க முடியாது என்றால் அது ஹிட். பிடித்திருக்க வேண்டியதை விட்டால் அந்த ஃபீல்டர் கணக்கில் ஒரு தப்பு, பிட்சர் கணக்கில் ஹிட் ஏறாது. எது என்று தீர்மானிப்பது அம்பயர் இல்லை, ஸ்கோரர். அதாவது நான். பத்தொன்பது வயது.

அந்த ஃபைனல், ஆறாவது இன்னிங்ஸ். பந்து மூன்றாம் பேஸுக்கும் அண்ணனுக்கும் நடுவே பறந்தது. அண்ணன் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர், ஸ்கோர் தாளில் எண் ஆறு. பாய்ந்தார், சேற்றில் சறுக்கி முகம் குப்புற விழுந்தார். பந்து அவர் கிளவுஸுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. பார்த்தேன். சுத்தமான ஹிட்.

விலாஸ் பிட்சிங் மேட்டிலிருந்து திரும்பி என் மேஜையைப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. தப்பு என்று எழுதிவிட்டேன். யார் தப்பு? மூன்றாம் பேஸில் சாவந்த் நின்றார், எண் ஐந்து. வயதில் பெரியவர், அவர் பேரில் எழுதினால் மேஜைக்கே வந்து கத்துவார். ஆறு என்று எழுதினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் மாநில முகாமுக்கு ஆள் எடுத்தார்கள். ஆட்டம் பார்க்க யாரும் வரவில்லை, ஸ்கோர் ஷீட் மட்டும் வாங்கிப் போனார்கள். ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு இரண்டு பேர். இன்னொரு பையன் தாளில் தப்பு எதுவும் இல்லை. முகாமுக்குப் போன அவனுக்கு விளையாட்டு கோட்டாவில் அரசாங்க வேலை கிடைத்தது. அண்ணன் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஷிஃப்ட் பார்த்தார்.

என்னைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

அண்ணனிடம் சொல்ல நாலு முறை போன் எடுத்தேன். முதல் முறை அண்ணி எடுத்தாள், லிஃப்ட் ரிப்பேர், பதினொரு மாடி ஏறினது பற்றிப் பேசினோம். இரண்டாம் முறை அண்ணன் குளியலில். மூன்றாம் முறை கிடைத்தார், நாளைக்கு என்ன சட்டை போடுவது என்று கேட்டார். நீலம் என்றேன். நாலாம் முறை நானே வைத்துவிட்டேன்.

சொன்னால்: விலாஸ் தன் பெண் முன்னால் பொய்யன் ஆவார். சொல்லாவிட்டால்: ஜோசப் பதினைந்து வருடம் தோள் தேயப் போட்டது வீண், அண்ணன் தப்பு சுவரில் ஏறி நிற்கும்.

வீட்டை இரண்டு முறை கூட்டிப் பெருக்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

கமிட்டி பதினொரு மணிக்கு. ஸ்கோர் புக்கோடு நானும் போயிருந்தேன். வடா பாவ், டீ. ஜன்னலுக்கு வெளியே மைதானம் குளமாக நின்றது.

ஜோசப் பக்கத்து ஆள் நன்றாகத்தான் பேசினார். "ஒரு நாள் ஜொலிச்சவனுக்குச் சுவரா, தினமும் வந்தவனுக்குச் சுவரா?" எனக்கே கை தட்டத் தோன்றியது. அண்ணன் எழுந்தார், நீலச் சட்டை. தான் விட்ட கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பா. சார் முடித்தார்: "புக் என்ன சொல்லுதோ அதான்."

என்னிடம் புத்தகம் வந்தது. ஸ்கோரர் உறுதி செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஒரு விஷயம் சொல்லணும் சார்," என்றேன்.

"சொல்லுங்க மேடம்."

ஐந்து பேரும் பார்த்தார்கள். அண்ணன் சிரித்த முகமாகப் பார்த்தார், தங்கச்சி ஏதோ பேசப்போகிறாள் என்கிற பெருமையில்.

"பேனா எழுதல," என்றேன்.

பா. சார் தன் பேனாவைக் கொடுத்தார். போட்டேன். மூன்றுக்கு இரண்டு. விலாஸ்.

ஜூலை 14, திங்கள்

ஸ்கூல் விட்டு நேராக வாகட். லிஃப்ட் சரியாகிவிட்டது. அண்ணி கீழே காய்கறி வாங்கப் போயிருந்தாள். அண்ணன் பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நானும் உரித்தேன். உரித்துக்கொண்டே சொன்னேன், ஹிட் என்பதிலிருந்து ஸ்கோர் ஷீட் வரை எல்லாம். முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் கையிலிருந்த காயை உரித்து முடித்தார். அப்புறம், "ஏன் என் பேர எழுதின?"

"நீ கோச்சுக்க மாட்டேன்னு."

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"புக்குல எழுதினத விடு மாலு. சின்னப் பொண்ணு நீ. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல நான் கேட்டனே. கண்ணெல்லாம் சேறு, ஒண்ணும் தெரியல, பந்து கைல பட்டுச்சாடின்னு. நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். பட்டுச்சுன்னு சொன்ன."

கேட்டார். சொன்னேன். வெள்ளிக்கிழமை எல்லாம் எழுதினேன் என்று நினைத்தேனே, இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"அந்தப் பந்த எத்தனை வருஷம் கனவுல புடிச்சிருக்கேன் தெரியுமா?"

அண்ணி வந்துவிட்டாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். மட்டர் பாத், அந்தப் பட்டாணி போட்ட சாதம். அண்ணன்தான் பரிமாறினார்.

ஜூலை 15, செவ்வாய்

விட்டு விட்டு மழை. ஸ்கூலில் இன்ஸ்பெக்ஷன். பின்னம் பரவாயில்லை.

பா. சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், கேட்டின் அருகில் நின்றபடியே. சிரித்தார். "முப்பத்துமூணு வருஷம் கழிச்சு யாராவது ஸ்கோர் மாத்துவாங்களா மேடம்? கல்வெட்டுக்குக் குடுத்தாச்சு. வயசானா இப்படித்தான் சந்தேகம் வரும்." என் முட்டி வலியையும் விசாரித்தார்.

ஜூலை 16, புதன்

வெயில், அரை மணி நேரம். துணி காய்ந்தது.

பா. சார் மெசேஜ்: திறப்பு விழா ஞாயிறு. விலாஸைப் பற்றி மேடையில் பேசப்போவது ரவி அண்ணன். ஒத்துக்கொண்டாராம்.

உடனே போன் போட்டேன். இரண்டாம் ரிங்கில் எடுத்தார்.

"என்ன அண்ணா பேசப்போற?"

"புக்குல என்ன இருக்கோ அதைத்தான்," என்றார்.