ஓரத்தில் அழித்த கோடு

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது மூன்றே வார்த்தை: "இருநூற்றைந்தாம் பிரிவைப் படிடி." நீ எங்கள் வாசற்படியில் நின்று, தூறலில் நனையாதபடி சட்டப் புத்தகத்தை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டிருந்தாய். சொல்ல நேரம் இருந்தது. நீ செருப்பை மாட்டுவதற்குள் சொல்லியிருக்கலாம். "பார்த்துப் போ, லஸ் முனையில தண்ணி நிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

இன்று உன் தம்பி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் பூச்சி உருண்டை வாசனை. அதன் அடியில், கடலுக்கு அருகிலுள்ள உங்கள் சாந்தோம் வீட்டின் உப்பு ஈரம். "அக்கா பெட்டியில இருந்துச்சு. முதல் பக்கத்துல உங்க பேர் போட்டிருக்கு" என்றான். உள்ளே வந்து காப்பி குடிக்கச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அப்பாவின் சட்டப் புத்தகங்கள். அவற்றில் இது ஒன்றுதான் என்னுடையது. நான் பி.ஏ. தேறியபோது என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். சங்கிலி கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். புதிதாக வந்திருந்த இந்திய அரசாங்கச் சட்டம் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிவந்தார். அதே தைரியத்தில் சட்டக் கல்லூரிக்கும் கேட்டேன். "வீட்டுக்கு ஒரு வக்கீல் போதும்மா. ரெண்டு பேர் இருந்தா வாதம் முடியாது" என்றார். அதற்கும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நாம் இருவரும் ஒன்றாகத் தேறினோம். உன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் உன்னைத் தானே டிராமில் அழைத்துப் போய்ச் சட்டக் கல்லூரியில் சேர்த்தார். படிப்பு முடிந்ததும் ஜூனியராக நீ வந்து சேர்ந்தது என் அப்பாவிடம். தினமும் காலையில் கறுப்பு கவுனைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாய். "உட்காரும்மா" என்று தன் எதிரிலிருந்த நாற்காலியை அப்பா காட்டுவார். அந்த நாற்காலியில் நான் தூசி தட்டியிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. காப்பி கொண்டுவரும்போது, "நீயும் ஒக்காருடி, இந்த செக்‌ஷனைப் பாரு" என்று நீ இழுப்பாய். அப்பாவோ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நான் போவதற்காகக் காத்திருப்பார். நீ நல்லவளாக இருந்தது எனக்கு உதவியாக இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிறகு அந்த வலை வழக்கு வந்தது. பட்டினப்பாக்கத்து மீனவர் மூன்று பேர், மாகாணச் சட்டம் கேட்கும் லைசென்ஸ் இல்லாமல் பெரிய வலை போட்டார்கள் என்று பிடிக்கப்பட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் அபராதம் விழுந்தது, வலைகள் பறிமுதலாயின. மூவரில் ஒருவர் அஞ்சலையின் புருஷன். ஐந்து வருடமாக எங்கள் கொல்லைப்புறத்துக்கு மீன் கொண்டுவருகிறவள் அஞ்சலை. வலை போனதிலிருந்து அடுத்தவர் பிடித்த மீனைத்தான் விற்றுக்கொண்டிருந்தாள். ஹைகோர்ட்டில் அப்பா ஆஜரானார்.

புதுச் சட்டம் நாட்டின் வேலைகளைப் பட்டியல் போட்டுப் பிரித்திருந்தது. மாகாணத்துக்கு ஒன்று, மத்திய சர்க்காருக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. மீன்பிடிப்பு மாகாணப் பட்டியலில் இருந்தது. ஆனால் கரையோர எல்லைக் கடலைத் தாண்டிய மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் இருந்தது. அந்த எல்லை மூன்று மைல். அதற்கு வெளியே மாகாணத்தின் லைசென்ஸ் சட்டம் செல்லாது. அதை உங்கள் இருவருக்கும் முன்பே நான் படித்திருந்தேன். சொல்லலாம் என்று வாயெடுத்தபோது, நீ கொல்லைப்புறத்தில் அஞ்சலையின் கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாய்.

"ஒன் வூட்டுக்காரரு கரையிலேந்து எத்தனை மைல் போவாரும்மா?"

"இன்னா வக்கீலம்மா, மைலுன்னா எங்களுக்கு இன்னா தெரியும்? கரையில கீற குடிசைங்க முங்கணும். தென்னந்தலை மட்டும் தெரியணும். அங்கதான் வலை வுடுவாங்கோ. இன்னும் போனா தென்னையும் முங்கிப்புடும். உங்க சாந்தோம் மாதா கோயிலு ஊசிக் கோபுரம் மட்டும் நிக்கும்."

"அந்த எடத்துல சட்டம் போடறது யாரு?"

"கடலம்மாதான், வேற ஆரு? போலீசு அங்க வந்தா வாந்தி எடுத்துப்புடுவான்!"

நீ எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். குடிசைகள் மறைய வேண்டுமானால் ஏழு மைலாவது போயிருக்க வேண்டும் என்று அப்பாவின் மேஜையில் கணக்குப் போட்டுக் காட்டினாய். ஐந்து வருடம் அவளிடம் மீன் வாங்கியவள் நான். விலையைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. நான் புத்தகத்தில் தேடியதை நீ ஆளிடம் கேட்டாய். அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. தலைவலி என்றேன்.

தீர்ப்புக்கு முதல் நாள் அப்பாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. தோற்றால் அடுத்த படி டெல்லி. மாகாணத்தின் எல்லை எது, மத்திய சர்க்காரின் எல்லை எது என்று தீர்மானிப்பதற்காகவே அங்கே புதிதாக ஃபெடரல் கோர்ட் திறந்திருந்தார்கள். மூன்று நீதிபதிகள். ஆனால் நினைத்தவரெல்லாம் அங்கே போக முடியாது. வழக்கில் புதுச் சட்டத்தின் பொருளைப் பற்றிய முக்கியமான கேள்வி இருக்கிறது என்று ஹைகோர்ட் சான்று கொடுக்க வேண்டும்.

"தீர்ப்பு வரட்டும், அப்புறம் மனு போட்டுக்கலாம். லண்டன் அப்பீலுக்கு அப்படித்தானே பண்றோம்" என்றார் அப்பா. "லண்டனுக்குக் காகிதம் கப்பல்ல போய் வர்றதுக்குள்ள கட்சிக்காரன் பேரன் எடுத்துடுவான். டெல்லி பரவாயில்ல, ரயில்தான்."

நீ சிரித்தாய். கூடத்துக் கதவோரம் நின்றிருந்த எனக்கு மட்டும் அவர் சொன்னது சரியில்லை என்று தெரியும். இருநூற்றைந்தாம் பிரிவில், யாரும் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு வழக்கிலும், ஹைகோர்ட் தானாகவே யோசித்துச் சான்று கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்று எழுதியிருந்தது. அது கோர்ட்டின் கடமை. நீதிபதிகள் எழுந்து போவதற்குள் யாராவது அதை ஞாபகப்படுத்தினால் போதும். அந்த நிமிடம் தவறிவிட்டால் பிறகு எத்தனை மனுப் போட்டாலும் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. முதல்முறை படித்தபோது அந்த வரி எனக்குப் பிடித்துப்போய், ஓரத்தில் பென்சிலால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தேன்.

"ஒன் புத்தகத்தை நாளைக்கு மட்டும் குடுடி. கையில வச்சிக்கிட்டா தைரியமா இருக்கும்" என்றாய். எடுத்துவர உள்ளே போனேன். மேஜை இழுப்பறையில் ரப்பர் இருந்தது. அந்தக் கோட்டை அழித்தேன். துகளை ஊதிவிட்டுப் புத்தகத்தை உன்னிடம் கொடுத்தேன். அஞ்சலையின் நினைப்பு வராமல் இல்லை. வந்த பிறகும் அழித்தேன்.

மறுநாள் மாலை அஞ்சலை கூடையில்லாமல் ஓடிவந்தாள்.

"பாப்பா, கேளு! கேசு தோத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்கோ. ஐயா காயிதத்தச் சுருட்டிக்கினு கீறாரு. ஜட்ஜுங்க எய்ந்திரிக்கப் போறாங்கோ. அப்போ பின்னாலேந்து நம்ம வக்கீலம்மா எய்ந்து நின்னுச்சு பாரு! இன்னாவோ இங்கிலீஷ்ல சொல்லிச்சு. பெரிய ஜட்ஜு கண்ணாடிய மாட்டிக்கினு பொஸ்தகத்தப் பாத்தாரு. அப்டியே ஒக்காந்துட்டாரு! டில்லிக்குப் போவலாமாம்!"

சாப்பிடும்போது அப்பா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "முப்பது வருஷ ப்ராக்டீஸ், எனக்குத் தோணல. அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபிடிச்சா பாரு!" நான் ஊற்றிய ரசம் இலையைத் தாண்டி ஓடியது. அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் நீ வந்தாய். காப்பியை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "நல்ல ரப்பரா ஒண்ணு வாங்கிக்கோடி" என்றாய்.

"என்ன ரப்பர்?" என்றேன்.

நீ ஒரு வாய் குடித்தாய். "ஒண்ணுமில்ல. காப்பி நல்லா இருக்கு" என்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்காமலே சொல்லவைக்கக் கோர்ட்டுக்கு ஒரு பிரிவு இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

டெல்லிக்கு அப்பாவோடு நீயும் போவதாக ஏற்பாடாயிற்று. அங்கே குளிரும் என்று என் பழுப்புச் சால்வையைக் கேட்டாய். கொடுத்தேன். நீ அதைப் போர்த்திக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, இவள் ரயிலைத் தவறவிட வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

பத்து நாளில் உனக்கு டைபாய்டு. நான்காவது வாரம் சாந்தோம் கோயிலில் கடைசி பெஞ்சு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. அஞ்சலையும் அவள் புருஷனும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். உன் சவப்பெட்டியை வெளியே தூக்கி வரும்போது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்காக இப்படி அழுவாரா என்று யோசித்தேன். உன் பெட்டிக்குப் பின்னால் நடந்தபோதும் அதைத்தான் யோசித்தேன்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். காகிதத்தில் பென்சில் அழுந்திய தடம் அப்படியே இருக்கிறது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் நன்றாகத் தெரிகிறது. உன் வீட்டு விளக்கிலும் தெரிந்திருக்கும். ஏன் அழித்திருக்கிறாள் என்றுதான் நீ அந்த வரியைப் படித்திருக்க வேண்டும். அந்தத் தடத்தின் மேலேயே, அங்குலம் பிசகாமல், மசியால் ஒரு கோடு போட்டிருக்கிறாய். மசியை அழிக்க முடியாது.

உன் நாற்காலி காலியாக இருக்கிறது. அப்பா யாரையும் அதில் உட்காரச் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று ஒரு கட்சிக்காரரிடம், "அவ மாதிரி இன்னொருத்தி வரமாட்டா" என்று அவர் சொன்னது கூடத்துக் கதவோரம் வரை கேட்டது. இன்னும் வலிக்கிறது. இது உன்னை இழந்த வலி என்று எழுதினால் பாதிதான் உண்மை.

டெல்லிக்கு அப்பா தனியாகத்தான் போய்வந்தார். அப்பீல் ஜெயித்தது. மூன்று வலைகளும் பட்டினப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தன. இரண்டை எலி கடித்திருந்தது. மூன்றாவது வலையை எடுத்துக்கொண்டு அஞ்சலையின் புருஷன் மறுநாள் விடியற்காலையிலேயே கடலுக்குப் போனார்.