மூடினால் காயாது

8/10, புதன்
காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். ரைஸ் மில்லில் டிரையருக்கு பெல்ட் மாற்றினேன். கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய குறுவை நெல் முளைத்துவிட்டதாம். முளைக்காமல்? காற்றே போகவில்லையே.

வீட்டுக்கு வந்தால் மனைவி தேவி ஈர உள்பாவாடையை அயர்ன்பாக்ஸால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஆவி பறக்கிறது, மீட்டர் ஓடுகிறது.
"கொடியிலதான் போட்டேன். காயல."
மாடிக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளாடைகளின் மேல் புடவையைப் போர்த்தி மூடியிருக்கிறாள். அதுவும் ஒரு தார்ப்பாய்! அவளுக்கு இடுப்பில் அரிப்பு, ஆயின்மென்ட் மேல் ஆயின்மென்ட். துணி வெயிலில் காயணும் என்று டாக்டர் சொல்லியும்.

9/10, வியாழன்
நானே காயப்போட்டேன். மெஷினில் இரண்டாவது ஸ்பின். உதறி, ஒரு சாண் இடைவெளி விட்டு. புடவைக்குத் தனிக் கொடி.

மாலை, கேட்டிலேயே ஓனரம்மா. கீழ்வீடு.
"தம்பி, தெருவே பாக்குது. இப்படித்தான் காயப்போடுவீங்கன்னா வேற வீடு பாத்துக்கங்க."
"உங்க வீட்டு சாரோட ஜட்டி தெருப்பக்கம்தான ஆடுது? அவருக்கு எந்த வீடு பாத்திருக்கீங்க?"
கதவு படார்.

மேலே வந்தால் துணியெல்லாம் வாளியில், பாதி ஈரத்தோடு. எடுத்தது ஓனரம்மா இல்லை. தேவி.
"என் துணியத் தொங்கவிட்டு நீங்க வீராப்பு காட்டுறீங்க. அந்தம்மா மொகத்துல தெனம் முழிக்கிறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"
கேட்கவில்லை.

11/10, சனி
அடைமழை. பேச்சு இல்லை. ஜன்னலைத் திறந்து, ஃபேனுக்கு அடியில் கொடி கட்டினேன். அயர்ன்பாக்ஸ் இழுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட ஃபேன் இழுக்காது. இருந்தாலும் இடுப்புப் பட்டை மடிப்பெல்லாம் ஈரம், வீடெல்லாம் ஈரவாடை. தேவி தூக்கத்திலும் சொறிகிறாள். வெயில் வந்தால் தீர்ந்துவிடும். வெயிலுக்கு வாடகை கேட்கிற ஊர்.

12/10, ஞாயிறு
வெயில்!
எழுந்தால் தேவியைக் காணோம். மாடியில் நிற்கிறாள், வாயில் கிளிப். தெருப்பக்கக் கொடியில் உள்பாவாடை, பிரா, எல்லாம் வரிசையாக. ஒரு சாண் இடைவெளி. புடவை இன்னும் வாளியில்.

கீழே வாசலிலிருந்து ஓனரம்மா:
"ஏம்மா தேவி, மேல என்ன கண்காட்சியா?"
தேவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.
"துணிம்மா. காயுது."
"சாயங்காலம் எங்க சார் வரட்டும், பேசிக்கிறேன்."
"வரட்டும்மா. அதுக்குள்ள காஞ்சிரும்."

கிளிப் பத்தவில்லையாம். கடைக்குக் கிளம்புகிறேன்.