உன் பேரில் போன பணம்

அக்கா,

இந்தத் தாள் மூன்று நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை வங்கிக்குப் புறப்படும்போது ஜெனியின் நீல ஃபைலை எடுத்தேன். அவளுடைய கல்லூரிக் கடிதம், பாஸ்போர்ட் நகல், பழைய ஃபாரங்கள் எல்லாம் போட்டு வைத்திருப்போமே, அந்த ஃபைல். எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போட்ட தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. பிரித்தால் முழுக்க உன் கையெழுத்து. மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும். முதல் வரிகளில் கோணிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. நடுவில் ஓர் எழுத்தே விட்டுப் போயிருக்கிறது. அடியில் வர வரத் தேறி, கடைசி நான்கும் ரயில் டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து நீ போட்ட அதே பழைய கையெழுத்து.

வங்கியில் மறுபடி திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பழகியிருக்கிறாய். அறுபத்தாறு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஜெனி படிக்க அயர்லாந்துக்குப் போனபோது, பணம் அனுப்புவதில் என் குறுக்கு மூளை வேலை செய்தது. ஒருவர் பேரில் வருஷத்துக்கு இவ்வளவுதான் வரியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதற்கு மேல் போனால் வங்கியே வரி பிடித்துக்கொள்ளும் என்றார்கள். அந்த வரியும் எங்கும் ஓடிவிடாது. அடுத்த வருஷம் கணக்குக் காட்டினால் திரும்பி வந்துவிடும். அது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் என் பேரில் பாதி, உன் பேரில் பாதி என்று பிரித்தேன். உன் கணக்கில் பணத்தைப் போட்டு, உன்னிடம் கையெழுத்து வாங்கி, உன் பேரில் அனுப்பினேன். என்னைப் பொறுத்தவரை நீ ஒரு பான் கார்டு, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

உனக்கு அது அப்படி இல்லை. முதல் தடவை தி.நகர் கிளைக்குக் கூட்டிப் போனபோது கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதைப் போலக் கிளம்பினாய். மாம்பழக் கலர் புடவை, முகத்தில் பவுடர், கையில் ரிடையர் ஆன அன்று ஆபீஸில் கொடுத்த வாட்ச். "இன்னாக்கா, பொண்ணு பாக்கவா போறோம்?" என்று கேட்டேன். "போடா. முப்பது வருஷம் கவுண்டருக்கு உள்ள உக்காந்து அழுக்கு சட்டைங்களையே பாத்திருக்கேன். நாம போறப்பவாவது அந்தப் புள்ளைங்க கண்ணுக்கு நல்லா இருக்கட்டும்" என்றாய்.

ஃபாரத்தில் என்ன உறவு என்று ஒரு கட்டம். அந்த அதிகாரி, சின்னப் பையன், பேனாவை வைத்துக்கொண்டு கேட்டான். நீ யோசிக்கவே இல்லை. "என் பொண்ணு" என்றாய். அவன் எழுதப் போனான். நான் பதறி, "சார், சார், என் பொண்ணு, இவங்க அத்தை" என்று தடுத்தேன். "ஆமா, தம்பி பொண்ணு. நீங்க எழுதுறத எழுதிக்கோங்க. நான் சொல்றது சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தப் பையனும் சிரித்தான். அப்புறம் நீ எப்போது போனாலும் அவன் எழுந்து நின்று நாற்காலி போடுவான். எனக்கு ஒரு நாளும் போட்டதில்லை.

இனி பிப்ரவரிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் எவ்வளவு தூரம்தான் சுற்றிக்கொண்டிருப்பது?

ஜெனிக்கு ஃபீஸ் கட்டக் கெடு நெருங்கிவிட்டது. என் பேரில் அந்த வருஷத்துக்கான அளவு முடிந்திருந்தது. ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னிடம் கையெழுத்து வாங்கிப் போனேன். பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். நேரில் கூட்டி வாருங்கள் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில், வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "ஒரு கையெழுத்து ஒழுங்கா போட முடியலயா உன்னால?" என்று கத்தினேன். நீ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். "நடுங்குதுடா கொஞ்ச நாளா" என்றாய். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை உன் கால் இரண்டும் வீங்கியிருந்தன. உன் செருப்பு ஏறவில்லை. பளபளவென்று அதே மாம்பழப் புடவை கட்டிக்கொண்டு, காலில் என்னுடைய ஹவாய் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாய். என் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள். "அண்ணி மூஞ்சே சரியில்லைங்க. நைட்டெல்லாம் உக்காந்துதான் தூங்கினாங்க. வரி போனா போகுது, உங்க பேர்லயே அனுப்பிடுங்க. அவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர் எங்க ஓடிடப் போறாரு, சாயங்காலம் போலாம்" என்றேன். ஈக்காட்டுத்தாங்கலில் என் கம்பெனியில் இரண்டு மணி நேரம்தான் பர்மிஷன் வாங்கியிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வர எட்டரை ஆனது. டாக்டர் பேச்சை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

மந்தைவெளியிலிருந்து தி.நகர் வரைக்கும் நீ ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியெல்லாம் கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டு வருகிறவள் நீ. ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இன்னா சார், அம்மாவுக்கு இப்படி மூச்சு வாங்கினு கீது? ஆஸ்பத்திரி பக்கம் விடட்டா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத மனுஷன் அவர். நான் உன் தம்பி. "இல்லைங்க, பேங்குக்குத்தான். கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்றேன்.

அந்தக் கிளை முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீ மேல போடா, நான் வந்துடறேன்" என்றாய். நானும் போய்விட்டேன். டோக்கன் வாங்க வேண்டுமே!

நீ வந்தாய், உட்கார்ந்தாய், கைப்பையிலிருந்து உன் பேனாவை எடுத்தாய். ஒரே ஒரு தடவைதான் போட்டாய். அந்தப் பையன் பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம், அப்படியே இருக்கு" என்றான். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்த முகத்தில் இருந்த பெருமை அப்போது எனக்குப் புரியவில்லை. "போன வாரமே இப்படிப் போட்டிருந்தா ரெண்டு அலைச்சல் மிச்சம்" என்றேன். உன் முகம் சட்டென்று இறங்கியது. இந்தத் தாளைப் பார்த்த நிமிஷத்திலிருந்து என் கண் முன்னால் நிற்பது அந்த முகம்தான்.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி காபி கொண்டுவந்து உன்னை எழுப்பினாள். நீ எழுந்திருக்கவில்லை.

ஜெனிக்கு அடுத்த புதன்வரை பரீட்சை. அவளால் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது, பரீட்சையாவது எழுதட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். யாரும் அவளிடம் சொல்லக் கூடாது என்று எல்லோருடைய வாயையும் அடைத்தேன். மதியம் மூன்றரை மணி இருக்கும். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சாந்தோம் சர்ச்சுப் பங்கிலிருந்து வந்த பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் சட்டைப் பையில் உன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ஜெனி. அவளுடைய வங்கிக் கணக்கில் அப்போதுதான் பணம் ஏறியிருக்கிறது, உன் பேர் போட்டு. பணம் வந்த உடனே அப்பாவைக் கூப்பிடவில்லை, அத்தையைக் கூப்பிட்டாள். நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடி அடித்தது. மறுபடியும் நின்றேன். அப்புறம் என் போனுக்கு வந்தாள். "அப்பா, அத்தை அனுப்பின பணம் வந்துடுச்சு. அத்தை எங்க, போன எடுக்கவே மாட்றாங்க?" வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, "தூங்குறாங்கம்மா" என்றேன்.

புதன்கிழமை உண்மையைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. வெகு நேரம் அழுதுவிட்டு, "நான் போன் பண்ணப்பவே அத்தை இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் மழுப்பினேன். திடீரென்று ஆகிவிட்டது, முந்தின நாள்வரை நீ நன்றாகத்தான் இருந்தாய் என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே தங்கும் அறை வாடகையை அவளே பகுதி நேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொண்டாள். ஆறே வாரத்தில் ஏப்ரல் வந்தது. புது வருஷக் கணக்கு. என் பேரில் மறுபடி முழு அளவும் திறந்துவிட்டது. ஆறு வாரம், அக்கா.

இந்தத் திங்கட்கிழமைதான் கடைசித் தவணை. அதே படி ஏறினேன். அதே பையன், "மேடம் வரலையா சார்?" என்றான். சொன்னேன். அவன் முகம் சுண்டிவிட்டது. ஃபாரத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தயங்கி, "சார், மேட்ச் ஆகல. இன்னொரு தடவை போடறீங்களா?" என்றான். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதில்தான் ஒத்துக்கொண்டான். பின்னால் நின்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட யாரும் இல்லை.

இன்று காலை ஜெனி கூப்பிட்டாள். "அப்பா, பணம் வந்துடுச்சு. இந்தத் தடவ உங்க பேர் வந்திருக்கு" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். வீங்கிய கால், என் ஹவாய் செருப்பு, ஆட்டோக்காரர், படிக்கட்டு, நான் உன்னிடம் கத்தியது, உன் போன் என் கையில் அடித்தது, இந்தத் தாள். "திரும்பி வந்துடப் போற காசுக்காக அத்தைய இழுத்துட்டுப் போனேம்மா" என்றேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை அப்பா என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா, அத்தைக்கு அன்னிக்கு முடியலன்னு" என்றாள். "பேங்க்ல இருந்தே எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. கேட்டப்பவே மூச்சு வாங்குறது தெரிஞ்சுது. உடனே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நாளைக்குப் பரீட்சை, ஃபீஸ் போயிடுச்சேன்னு விட்டுட்டேன். நானும்தான்ப்பா விட்டுட்டேன்." என் பெண் இதை இத்தனை மாதமாகத் தனியாக அங்கே சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

பிறகு அந்த மெசேஜை எனக்கு அனுப்பினாள். உன் குரல், அக்கா. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று, மூச்சு இழுத்து, மறுபடி பேசுகிறாய்.

"ஜெனி... பணம் அனுப்பியாச்சுடி. கையெழுத்து ஒரே தடவைல ஓகே ஆயிடுச்சு... நீ ஒழுங்கா பரீட்சை எழுது. உங்கப்பன் கீழ... ஆட்டோ பேசப் போயிருக்கான். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல அவன். நான் சொன்னா... எரிஞ்சு விழுவான். நீ போன் போட்டு சாப்பிடச் சொல்லு."

அன்று உன்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு நேரே கம்பெனிக்குப் போனேன். போய்ச் சேர்ந்ததும் ஜெனியிடமிருந்து போன். "அப்பா, சாப்டீங்களா?" பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். அயர்லாந்திலிருந்து என் பொண்ணு போன் பண்ணிச் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள் பார் என்றேன். எதிர்க்கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் நம்மைக் கேட்பார்கள், சாப்பிட்டாச்சா என்று. இனி யார் கேட்டாலும் எனக்கு நடுவில் நின்று நின்று வரும் உன் மூச்சுதான் கேட்கும். இன்று மதியம் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கேட்டார். ஆச்சு என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.