ஒன்பதாம் இலக்கச் சட்டை

ஜூலை 14, சனி

என் சின்னக்குட்டி, இன்றைக்கு உன் கல்லூரியின் ஃபுட்போல் மட்ச் பார்க்க மைதானத்துக்குப் போனேன். உன் ஒன்பதாம் இலக்கச் சட்டையை மேரியின் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தோளில் நான் போட்ட தையல் அப்படியே இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் அவனுக்குப் பெனால்டி கிடைத்தது. பக்கத்தில் இருந்த மேரி தன் செபமாலையின் ஒரு நுனியை என் கையில் வைத்தாள்.

"அக்கா, நீங்களும் மாதாவிட்ட மன்றாடுங்கோ. இவன் அடிச்சா கப் எங்கட கல்லூரிக்குத்தான்."

மன்றாடினேன். அவன் தவறவிட வேண்டும் என்று மன்றாடினேன்.

பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போனது. மேரி என் தோளில் விழுந்து அழுதாள்.

"நீங்கள் செபிச்சும் போச்சுதே, அக்கா!"

நீ காய்ச்சலில் சாகக் கிடந்த ஏழு நாளும் முழந்தாளில் நின்றேனே. அப்போது காதுகொடுக்காத மாதா, இன்றைக்கு மட்டும் ஏன் ராசா காதுகொடுத்தார்?